ஆற்றைக் கொடுத்துத் தார் ரோட்டு வாங்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் டிவிசனில் 80 குடும்பம். எங்கள் ஆற்றில் ஒரு தனியார் கம்பனி சிறு நீர்மின் நிலையம் கட்டப்போகிறது. 100 மீற்றர் வீழ்ச்சி, செக்கனுக்கு அரைக் கன மீற்றர் தண்ணீர், 370 கிலோவாற், 800 மீற்றர் கால்வாய் என்று கூட்டத்தில் சொன்னார்கள். தார் ரோட்டு, கோயிலுக்கு மண்டபம், பொடியன்களுக்கு வேலை தருவதாகவும் வாக்கு. திட்டத்துக்கு இணக்கக் கடிதம் ஒன்றில் கையெழுத்தும் கேட்கிறார்கள். இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றாடல் குழு வந்து, திட்டத்தை நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்துக் கேட்கிறது. எங்கள் பீலிக்கு வரும் தண்ணீர், அணை கட்டப்போகும் இடத்துக்குக் கீழேயிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் பொடியன்கள், "கொழும்பில ஏசி ஓடுது, தவளைக்காக நாங்க மட்டும் ஏழையாவே இருக்கணுமா?" என்கிறார்கள். கோயில் கமிட்டிச் செயலாளராக நான் எதில் கையெழுத்துப் போடுவது? ஏழைகள் இருக்கும் இடத்தில் அபிவிருத்தியை எதிர்ப்பது நியாயமா?

பதில்: இப்போதைக்கு இரண்டிலும் போடாதீர்கள். "திட்டத்தை நிறுத்து" என்று மட்டும் சொல்லும் மனுவில் உங்கள் 80 குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கம்பனியின் இணக்கக் கடிதத்தில் போட்டுவிட்டால், பிறகு கேட்பதற்கு உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. நிபந்தனைகள் எழுத்தில் வரும் வரை கையெழுத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

பொடியன்கள் கேட்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. வறுமையும் இல்லாமையும் அல்லவா மிகப் பெரிய மாசு என்ற பொருளில் 1972-ல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி எழுப்பியதும் இதே கேள்விதான். சுற்றாடலைக் காப்பது எல்லா நாட்டுக்கும் பொதுப் பொறுப்பு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவான பொறுப்பல்ல என்று 1992-ல் ரியோ பிரகடனம் ஒப்புக்கொண்டது. நாடுகளுக்கிடையே சொன்ன அந்த நியாயம் ஒரே நாட்டுக்குள், கொழும்புக்கும் பொகவந்தலாவைக்கும் இடையிலும் செல்லும். இந்த மலைகளில் காட்டை வெட்டியது தொழிலாளியின் தேவைக்காக அல்ல. முதலில் கோப்பிக்காக, 1869-ல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலைக்காக. 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டை விட்டுவைக்க வேண்டும் என்ற யோசனை ஆட்சியில் இருந்தவர்களுக்கு வந்ததே 1873-ல்தான். மின்சாரத்திலும் அதே கதை. தீவுக்கு வெளிச்சம் கொடுக்கக் காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தண்ணீரைத் தேக்கினார்கள். வறட்சியில் மவுசாக்கலை வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் இன்றும் வெளியே தெரியும். அந்தக் கரைகளில் இருந்த லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பலவற்றுக்கு நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

ஆகவே "நீங்கள் விட்டுக்கொடுங்கள்" என்று உங்களிடம் கேட்க வெளியூர்க்காரருக்கு உரிமை குறைவு. நீங்கள் சுற்றாடலைப் பார்க்க வேண்டியதன் காரணம் வேறு: மலைநாட்டில் வரும் கெடுதி கொழும்புக்குப் போவதில்லை, லயத்துக்குத்தான் வரும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29-ல் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. போக வேறு இடமில்லாத குடும்பங்கள் அங்கேயே இருந்தன. அதே வருடக் கடைசியில் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாற் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. மின்சாரம் தேசிய வலையமைப்புக்கும் தண்ணீர் தென்கிழக்குக்கும் போகின்றன. கிணறு வற்றியது மட்டும் அந்த ஊர்க்காரருக்கு.

சுற்றாடலின் பெயரால் நடக்கும் அநியாயமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். 2021-ல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்தார்கள். அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் யாருடைய கைக்காசு குறையும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் 2015-ல் கிளைபோசேற் களைநாசினியைத் தடுத்தபோது, பல மலைகளில் களையைச் சுரண்டியால் வழித்தெடுத்தார்கள். சரிவில் சுரண்டி போட்டால் களையோடு மேல்மண்ணும் கிளம்பி, அடுத்த மழைக்குக் கானில் (வடிகாலில்) ஓடும். மண்ணைக் காக்க வந்த தடை சில இடங்களில் மண்ணையே கரைத்தது.

இனி உங்கள் ஆற்றுக்கு வருவோம். கம்பனி சொன்ன எண்கள் சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். வீழ்ச்சி 100 மீற்றர், தண்ணீர் 0.5 கன மீற்றர், ஈர்ப்பு 9.81, இயந்திரங்களின் திறன் நூற்றுக்கு 75. எல்லாவற்றையும் பெருக்கினால் 368 கிலோவாற். பொய் சொல்லவில்லை. ஆனால் ஆறு வருடம் முழுவதும் அரைக் கன மீற்றர் ஓடாது. மழையும் வெயிலும் சேர்த்துப் பார்த்தால் இப்படியான நிலையம் தன் முழு வலுவில் நூற்றுக்கு 40 அளவுதான் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 12.9 இலட்சம் அலகு (கிலோவாற்-மணி). ஒரு அலகின் விலை ஒப்பந்தத்தில் இருக்கும். கணக்குக்காக 15 ரூபா என்று வைத்தால் 1 கோடியே 93 இலட்சம் ரூபா.

இப்போது உங்கள் தேவையைப் பாருங்கள். 80 குடும்பம் என்றால் ஏறத்தாழ 360 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று தாராளமாகக் கொடுத்தாலும் 36,000 லீற்றர். அதாவது செக்கனுக்கு அரை லீற்றர்கூட இல்லை. சுழலி கேட்பது 500 லீற்றர். ஆகவே "ஆட்களுக்குத் தண்ணீரா, நாட்டுக்கு மின்சாரமா" என்ற வாதம் உங்கள் ஆற்றில் வெறும் சத்தம். அணைக்கு மேலே புதிய நீர் எடுப்பு, 2 இஞ்சிக் குழாய், லயத்துக்கு மேல் 20,000 லீற்றர் தாங்கி ஒன்று. இவ்வளவும் கம்பனியின் கட்டுமானச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. கொங்கிறீற் போட முதல் இதைச் செய்து, தண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும் என்பது உங்கள் முதல் நிபந்தனை. பிறகு செய்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மின் நிலையம் ஓடத் தொடங்கிய பின் உங்கள் குழாய்க்காக அவசரப்பட யாருக்கும் காரணம் இருக்காது.

கஷ்டமான கேள்வி ஆற்றுக்கான தண்ணீர். அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையில், தண்ணீர் கால்வாயில் போய்விட, ஆற்றுப்படுகை காயும். மழை மாதங்களில் அணைக்கு மேலாலேயே வழியும், பிரச்சினை இல்லை. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் வறட்சியில்தான் போட்டி. "போதிய அளவு நீர் விடப்படும்" என்று அறிக்கையில் எழுதுவார்கள். போதிய அளவு என்பதை யாரும் அளக்க முடியாது. செக்கனுக்கு எத்தனை லீற்றர், எந்த மாதத்தில் எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். விடும் வழியையும் கேளுங்கள். வால்வு வைத்த குழாய் என்றால் இரவில் யாரும் மூடிவிடலாம். அணைச் சுவரில், கால்வாய் வாயை விடத் தாழ்வாக, மூட முடியாத துளை ஒன்று வைத்தால் முதல் தண்ணீர் ஆற்றுக்குப் போன பிறகே மிச்சம் கால்வாய்க்கு ஏறும். 20 சென்ரிமீற்றர் விட்டத் துளை, அதன் நடுவிலிருந்து நீர்மட்டம் 50 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 59 லீற்றர் விடும். சருகும் பொலிதீனும் அடைத்து விட்டம் பாதியாகச் சுருங்கினால் வருவது பாதியல்ல, நாலில் ஒன்று. அதனால் துளைக்கு முன்னால் கம்பி வலையும், அதை வாராவாரம் துப்புரவாக்க ஒருவர் பெயரும் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் டிவிசன் ஆளாக, கம்பனிச் சம்பளத்தில் இருக்கட்டும்.

59 லீற்றரை ஆற்றுக்கு விட்டால் கம்பனிக்கு என்ன நட்டம்? 43 கிலோவாற். வறண்ட இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 62,500 அலகு, வருட உற்பத்தியில் நூற்றுக்கு 5. ஆனால் துளை வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஆறு முழு அளவுக்குக் குறைவாக ஓடும் நாளெல்லாம் சேர்த்தால் இழப்பு நூற்றுக்கு 20-ஐத் தொடலாம். கம்பனி இந்த இரண்டாவது எண்ணைத்தான் மேசையில் வைக்கும், அது நியாயமான முறைப்பாடும்கூட. பேரம் 5-க்கும் 20-க்கும் இடையில்தான்: துளை சிறிதாகலாம், அல்லது வறண்ட மாதங்களில் மட்டும் கூடுதலாக விடலாம். ஒரு ஆறு காயாமல் இருப்பதற்கு இவ்வளவு விலை என்று வெளிப்படையாகத் தெரிந்தால், அந்த விலையை யார் கொடுப்பது என்றும் வெளிப்படையாகப் பேசலாம். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் (150 மெகாவாற், 2012) சென்கிளையர் அருவிக்குப் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் நடக்கிறது. அந்த அருவி பெருந்தெருவில் போகிறவர்களின் கண்ணில் படுகிறது. உங்கள் ஆற்றை எட்டிப் பார்க்கச் சுற்றுலாப் பயணி வரமாட்டார். அதனால்தான் மூட முடியாத துளையைக் கேட்கச் சொல்கிறேன்.

தண்ணீரை விட எனக்குப் பயம் மண்ணில். 800 மீற்றர் கால்வாயைச் சரிவில் வெட்ட, மீற்றருக்கு 2 கன மீற்றர் மண் என்றாலே 1,600 கன மீற்றர், ஏறத்தாழ 565 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அதை டிப்பரில் ஏற்றி வெளியே கொண்டுபோகக் காசு வேண்டும். கீழே தள்ளக் காசு வேண்டாம். தள்ளிய மண் தேயிலைக் கானை அடைக்கும், கான் அடைத்தால் மழைத்தண்ணீர் வழி மாறிச் சரிவுக்குள் இறங்கும், அந்தச் சரிவுக்குக் கீழே லயம். இரண்டாவது ஆபத்து கால்வாயின் கசிவு. கொங்கிறீற் மூட்டுகள் சில வருடத்தில் விரியும். மேலே தெரியாமல் மலைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். கால்வாய்க்குக் கீழே புதிதாக ஊற்று கிளம்பினால், இருந்த ஊற்று கலங்கினால், மரங்கள் சாய்ந்தால், நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு விழுந்தால் தாமதிக்கவே கூடாது. லயத்துக்கு மேலே வரும் பகுதியில் திறந்த கால்வாய்க்குப் பதில் புதைத்த குழாய் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீடு அணைக்கும் மின் நிலையத்துக்கும் மட்டுமல்லாமல் கால்வாய்ப் பாதை முழுவதுக்கும் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு நிபந்தனை வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு மஞ்சள், 100-க்கு செம்மஞ்சள், 150-க்கு வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. செம்மஞ்சள் வந்ததும் கால்வாய் வாயை மூடிக் கால்வாயைக் காலியாக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆறு நிறைய ஓடும், மின்சாரம் கொட்டும், மூட மனம் வராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளில் செய்ததைப் பார்த்த பிறகு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது, யாருடைய சம்மதம் சட்டப்படி கணக்கில் வருகிறது என்பது. தோட்டக் காணி அரசுடையது. 1992-ல் கம்பனிகளிடம் போய், குத்தகை 2045 வரை ஓடுகிறது. நீர்மின் கம்பனி கால்வாய்க்கு இடம் கேட்பது தோட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும். நான்கு தலைமுறையாக அங்கே இருந்தாலும் கையில் காணி உறுதி இல்லாதவர்கள் "பாதிக்கப்படும் காணிச் சொந்தக்காரர்" என்ற பட்டியலில் வரமாட்டார்கள். உங்களிடம் இணக்கக் கடிதம் கேட்பது பெரும்பாலும் கோப்பு நிறைவாகத் தெரிவதற்காக. மலையகத்தில் இந்த விவாதம் எப்போதும் கோணலாக நடப்பதற்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம். மரத்துக்கும் மீனுக்கும் பேச ஆள் உண்டு, முதலீட்டுக்குப் பேச ஆள் உண்டு, உரிமைப் பத்திரம் இல்லாத குடியிருப்பாளருக்கு அறிக்கையில் ஒரு பந்தி மட்டும்.

அந்தப் பந்தியைப் பெரிதாக்க வழி இருக்கிறது. 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களுக்கே முழுச் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறை தானாக வரும். உங்களுடையது போன்ற சிறியது, இடத்தைப் பொறுத்தே அதற்குள் வரும்: ஒரு ஹெக்டெயருக்கு மேல் காடு வேறு பாவனைக்கு மாறினால், பாதுகாக்கப்பட்ட வன எல்லைக்கு 100 மீற்றருக்குள் வந்தால், மண் அரிப்புப் பகுதியாகப் பிரகடனமான இடமாக இருந்தால். முழு மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 வேலை நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கை மட்டும் என்றால் அந்த 30 நாள் கட்டாயமில்லை. ஆனால் அதுவும் பொது ஆவணம், பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எது என்று தெரியாமல் சும்மா இருப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை. நாள் கடந்த பிறகு மனு எழுதிப் பலனில்லை.

தெரிந்துகொள்ள 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபை, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபை, உங்கள் பிரதேச செயலகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். "திட்டம் பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கம்பனி நிரப்பிக் கொடுத்த அடிப்படைத் தகவல் வினாக்கொத்து, வலு அனுமதியின் பிரதியும் நிபந்தனைகளும், கால்வாய்ப் பாதை வரைபடம், மண்சரிவு மதிப்பீடு, ஆற்றில் அளந்த மாதாந்த நீரோட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏழைகள் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால் எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்க வழக்கைச் சொல்லுங்கள். வழக்குப் போட்டவர்கள் ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும். இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது என்று 2000-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டப்படியான சுற்றாடல் மதிப்பீட்டைச் சுற்றிப்போகவும் விடவில்லை.

பலன் பக்கம். தார் ரோட்டும் மண்டபமும் ஒருமுறை கிடைப்பவை. அனுமதி 20 வருடத்துக்கு. வேலையும் கட்டுமானம் முடியும் வரைதான், அதன் பிறகு இந்த அளவு நிலையத்தில் பத்துப் பேருக்கும் வேலை இராது. மண்டபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அலகு ஒன்றுக்கு 25 சதம் என்று கேட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா, 20 வருடமும். மின்சாரத்தை வாங்குபவரின் மாதக் கணக்கே அலகைக் காட்டும், ஒளிக்க முடியாது. நேபாளத்தில் நீர்மின் கம்பனிகள் பாதிக்கப்படும் ஊர்க்காரருக்குப் பங்கு ஒதுக்குகின்றன. நல்லது, ஆனால் பங்கு வாங்கக் கையில் பணம் வேண்டும், விலை விழுந்தால் ஏழை வீட்டில் கடன்தான் மிஞ்சும். அலகுக் கணக்கில் வரும் பணமே உங்களுக்குப் பொருந்தும். அது கோயில் கணக்குக்கோ சங்கத் தலைவர் கைக்கோ போகாமல், பதிவு செய்த சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு, மூன்று கையெழுத்தோடு, அதில் ஒன்று கொழுந்து பறிக்கும் பெண்ணுடையதாகப் போகட்டும். தண்ணீர் வற்றினால் குடம் தூக்கி நடப்பது அவர்கள்தான்.

தவளையைப் பற்றிப் பொடியன்களிடம் இதைச் சொல்லுங்கள். மத்திய மலைநாடு 2010-ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததே, உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே இருப்பதால்தான். அணை சிவனொளிபாத மலை வனத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோ வருமானால் நான் இதுவரை சொன்ன பேரமெல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் 370 கிலோவாற்றுக்காகக் கை வைக்கக் கூடாது. கால்வாய்க்குக் கீழே குடியிருக்கும் சரிவு அதிக ஆபத்துள்ளது என்று மண்சரிவு மதிப்பீடு சொன்னாலும் அதே பதில்தான், எத்தனை கிலோமீற்றர் தார் போட்டாலும். இந்த இரண்டும் இல்லாமல், தேயிலைக்கு நடுவே ஓடும் ஆறு என்றால், நிபந்தனையோடு திட்டம் வரலாம் என்றே சொல்வேன். கொழும்புக் குழுவிடமும் இதைப் பேசுங்கள். அவர்களிடம் சட்டத்தரணியும் உயிரியல் அறிஞரும் இருக்கலாம். மனுவின் வாசகத்தை உங்கள் நிபந்தனைகளாக மாற்ற ஒத்துக்கொண்டால் சேர்ந்து கையெழுத்துப் போடலாம்.

அதற்குள் ஆற்றை நீங்களே அளந்து வையுங்கள். வளைவும் பாறையும் இல்லாத 10 மீற்றர் நீளத்தில் இரண்டு கயிறு கட்டுங்கள். அகலத்தையும், கரையிலிருந்து கரைக்கு ஐந்து இடத்தில் ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய சிறிய போத்தலை மேல் கயிற்றுக்கு முன்னாலேயே விட்டு, 10 மீற்றரைக் கடக்க எத்தனை செக்கன் என்று பத்துத் தடவை பாருங்கள். 2 மீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் சராசரி ஆழம், 20 செக்கன் என்றால்: 2 × 0.25 × 0.5 = 0.25. அடிப்பகுதியில் தண்ணீர் மெதுவாக ஓடுவதால் கல்லாற்றில் இதை 0.7-ஆல் பெருக்க வேண்டும், 0.175 கன மீற்றர், அதாவது செக்கனுக்கு 175 லீற்றர். ஜனவரி முதல் மார்ச் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில், திகதியும் முந்திய நாள் மழையும் குறித்து எடுங்கள். பெப்ரவரி அளவை எடுக்கும் நாளில் கம்பனிப் பொறியியலாளரையும் கடிதம் மூலம் அழையுங்கள். வந்தால் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டால் வரவில்லை என்று அதே தாளில் எழுதிக் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தோடு ஒரு பிரதியைச் சுற்றாடல் அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.